படம் எடுக்கக் கூடாத பிள்ளை

அந்த வருடத்தில் வந்த மூன்றாவது குழு அது. கடல் தாண்டி வந்த பதினான்கு கல்லூரி மாணவர்கள், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், முதுகில் ஆளுக்கொரு பொதி, கூட ஒரு பேராசிரியர். இரண்டு வாரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவார்கள், கூட விளையாடுவார்கள், போவதற்கு முன் பள்ளியின் முன்சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள். எந்தக் குழு வந்தாலும் அதே சுவர்தான். முதல் குழு வரைந்த சூரியகாந்தியின் மேல் இரண்டாம் குழு வானவில் வரைந்தது. வானவில்லின் மேல் இவர்கள் உலக உருண்டை வரையப்போகிறார்களாம்.

"இப்படியே போனா சுவர் தடிச்சு வகுப்புக்குள்ள வந்துடும். நாம வெளிய உக்காந்து பாடம் நடத்த வேண்டியதுதான்" என்றாள் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

தலைமை ஆசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. கூரைக்குத் தகரம் போட்டதும், கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி வந்ததும் இவர்களுடைய கல்லூரியின் தயவில்தான்.

டீச்சருக்கு இந்த நாட்களில் பாடம் நடத்துவதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. வருகிறவர்களின் மொழி பள்ளியில் அவள் ஒருத்திக்குத்தான் பேச வரும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் நான்கு வருடம் டைப் அடித்தபோது ஒட்டிக்கொண்ட மொழி. அதனால் அந்தப் பக்கம் சொல்வதை இந்தப் பக்கமும், இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கமும் அவள்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சேர்ப்பாள். தாடி வைத்த மாணவன் ஒருவனைக் காட்டி, "டீச்சர், இவரு குளிக்கவே மாட்டாரா?" என்று ஒரு வாண்டு கேட்டது. "உங்க தாடி ரொம்ப நல்லா இருக்காம்" என்று அவனிடம் சொன்னாள். அவன் நாள் முழுக்கத் தாடியைத் தடவிக்கொண்டு திரிந்தான்.

அவளுடைய வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. எட்டு வயது. உருண்டை முகம், வயதுக்குப் பாதி உயரம். பிள்ளைகள் பட்டாணி என்று கூப்பிட்டார்கள். பள்ளி திறந்து சில வாரம் கழிந்த பிறகு, பழைய பள்ளியின் சான்றிதழ் எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்தவள். பட்டாணியின் அம்மாவுக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடித்து அடுக்க வேண்டும். சேர்க்க வந்த அன்று அந்தம்மா வேலைச் சீருடையிலேயே வந்திருந்தாள். சோப்பு வாசனை வகுப்பறை முழுக்க நின்றது.

"இதுக்கு முன்னாடி எங்க படிச்சா?" என்று டீச்சர் கேட்டாள்.

"அத அவசியம் சொல்லணுமா டீச்சர்?"

டீச்சர் பேனாவை வைத்துவிட்டாள். அந்தம்மா வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"இவ அப்பாவுக்கு நாங்க இருக்கற இடம் தெரியாது. தெரியவும் கூடாது. ரெண்டு ஊர் மாறியாச்சு. மூணாவது இது. இங்க வெளிநாட்டுக்காரங்க வந்து படம் எடுப்பாங்கன்னு கேள்விப்பட்டேன். என் பிள்ளைய மட்டும் எடுக்க விடாதீங்க. காரணத்தையும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டயாவது..."

"வேணாம் டீச்சர். கேட்டா பாவப்படுவாங்க. பாவப்படறவங்க நாலு பேர்கிட்ட சொல்லுவாங்க."

சொல்லும்போதே சீருடையின் கழுத்தை மேலே இழுத்து விட்டுக்கொண்டாள். அங்கே பழைய தீக்காயம் ஒன்று, இஸ்திரிப் பெட்டியின் முனை மாதிரிக் கூராக இருந்தது. வேலையில் பட்டதா என்று டீச்சர் கேட்கவில்லை. படிவத்தில் 'படம் எடுக்கச் சம்மதம்' என்ற வரிக்கு எதிரே 'இல்லை' என்று எழுதி, அடியில் கோடு போட்டாள். அந்தப் படிவம் மற்ற நூற்றுப்பத்துப் படிவங்களோடு தலைமை ஆசிரியையின் அலமாரிக்குள் போனது. அதை அப்புறம் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

வந்த மாணவர்களில் ஒரு பெண் தலைமுடியை உயரத் தூக்கிக் கட்டியிருப்பாள். முதல் நாளே குதிரைவால் அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. இந்தப் பெண்ணை டீச்சருக்குப் பிடித்துப்போனது. மற்றவர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டம் போடும்போது இவள் ஒரு மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து யாராவது ஒரு பிள்ளைக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு இந்த ஊர் மொழி தெரியாது. எழுத்தைத் தப்புத் தப்பாக வாசிப்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துத் திருத்துவார்கள்.

பட்டாணி யாரோடும் பேசாத பிள்ளை. ஆறு மாதத்தில் வகுப்பில் அவள் குரலை நான்கைந்து தடவை கேட்டிருந்தால் அதிகம். மூன்றாம் நாள் அவள் போய்க் குதிரைவாலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள், குதிரைவால் தப்பாக வாசித்த ஒரு சொல்லை, "அப்படி இல்ல" என்று திருத்தினாள். டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். பத்தாம் நாள் இருவரும் சேர்ந்து ஒரு முழுக் கதையை உரக்க வாசித்தார்கள்.

படம் எடுக்கிற நேரமெல்லாம் டீச்சர் பட்டாணிக்கு ஏதாவது வேலை கொடுத்துச் சாமான் அறைக்கு அனுப்பினாள். சாக்பீஸ் எண்ணு, துடைப்பத்தைக் கட்டு, விளக்க அட்டைகளை அடுக்கு. குதிரைவாலைத் தனியாக அழைத்து, இந்தப் பிள்ளையின் முகம் மட்டும் எதிலும் வரக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மூன்று தடவை வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். யாரிடமும் சொல்வதில்லை என்று அந்தத் தாய்க்கு வாக்குக் கொடுத்தாயிற்று. தலைமை ஆசிரியையிடம், "பொதுவா படமே வேணாம்னு சொல்லிப் பாக்கலாமா?" என்று கேட்டதற்கு, "படம் இல்லேன்னா அடுத்த வருஷம் எவன் வருவான்?" என்று அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டார்.

கடைசி நாள் விழா. முற்றத்தில் பள்ளியின் பெயர் பெரிதாக எழுதிய துணிப் பதாகை. எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக நின்று பாட வேண்டும். டீச்சர் பட்டாணியைச் சாமான் அறைப் பக்கம் கூட்டிப்போனாள்.

"டீச்சர், சாக்பீஸ் நேத்தே எண்ணிட்டேன். முந்நூத்தி இருபது."

"இன்னொரு தடவ எண்ணும்மா."

"நானும் பாடறேன் டீச்சர். கடைசி வரிசைல நிக்கறேன். குனிஞ்சே நிக்கறேன். அக்கா போயிடுவாங்கல்ல?"

ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளை கேட்ட ஒரே காரியம் அது. டீச்சரின் மனம் இளகிவிட்டது. பின்வரிசையில், உயரமான இரண்டு பையன்களுக்கு நடுவில் நிறுத்தினாள். முன்னால் போய் நின்று பார்த்தாள். உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. பாட்டு முடியும்வரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. முடிந்து பிள்ளைகள் கை தட்டும்போது, பட்டாணி முன்வரிசைகளைப் பிளந்துகொண்டு ஓடிவந்து குதிரைவாலின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஏங்கி ஏங்கி அழுதாள். குதிரைவாலும் மண்டியிட்டு உட்கார்ந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். நான்கைந்து போன்கள் உயர்ந்தன. டீச்சர் போய்ப் பிள்ளையைப் பிரித்து எடுப்பதற்குள் ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த நான்காம் நாள், டீச்சர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பத்தாவது படிக்கிற மகள் போனை நீட்டினாள்.

"அம்மா, உங்க ஸ்கூலு! மூணு லட்சம் பேர் இந்த வீடியோவப் பாத்திருக்காங்க!"

பதாகை, பள்ளியின் பெயர், ஊரின் பெயர். அதற்கு முன்னால், திரை முழுக்க, கண்ணீரோடு பட்டாணியின் முகம். கீழே குதிரைவால் எழுதியிருந்தாள்: 'யாரோடும் பேசாத இந்தச் சின்னப் பெண் எனக்கு அன்பைச் சொல்லிக்கொடுத்தாள்.'

டீச்சர் சோற்றிலிருந்து கையை எடுத்தாள். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிற அவள் கணவர் எதிரே உட்கார்ந்திருந்தார். "என்னாச்சு, ஏன் முகம் இப்படிப் போச்சு?" என்றார். அவள் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டுக் குதிரைவாலுக்குச் செய்தி அனுப்பினாள். உடனே அதை எடுத்துவிடு, காரணம் கேட்காதே என்று மட்டும் எழுதினாள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. எடுத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள், ஏதாவது தப்பா?

எடுத்தாயிற்று என்று டீச்சர் மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தத் தாயிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. மறுநாள் மாலை அவள் பிள்ளையை அழைத்துப்போக வந்தபோது, பட்டாணி ஒரு கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். அந்தம்மா டீச்சரைப் பார்த்து, "வாயே மூடறதில்ல டீச்சர், என்ன மருந்து குடுத்தீங்க?" என்று சிரித்தாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். அதற்கு மறுநாளும் விட்டாள்.

அதற்கும் அடுத்த நாள், மதிய இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், தலைமை ஆசிரியையின் அறையிலிருந்து ஆள் வந்தது. பட்டாணியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்களாம். டீச்சர் பிள்ளையை வகுப்பிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் போனாள்.

நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை, மடியில் ஒரு காகித உறை. டீச்சரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான். இப்படி ஒரு மரியாதையான ஆளை அவள் எதிர்பார்க்கவில்லை.

"எம் பொண்ணுங்க. ஒண்ணரை வருஷமா தேடறேன். அவங்கம்மா கொஞ்சம் மனசு சரியில்லாதவ. சொல்லாம கொள்ளாமத் தூக்கிட்டு வந்துட்டா" என்றான். உறையிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"அவங்கம்மா வரட்டும். அவங்கதான் இங்க சேத்தாங்க" என்றாள் டீச்சர்.

"வரட்டுங்க, நான் எங்க வேணாம்னேன்?"

டீச்சர் வெளியே வந்து காவலாளியைச் சைக்கிளில் ஓட்டலுக்கு விரட்டினாள். திரும்பி உள்ளே வந்தபோது தலைமை ஆசிரியை காவல் நிலையத்துக்குப் போன் செய்திருந்தார். வந்த காவலர் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அப்பாதானே? கோர்ட்டு உத்தரவு ஏதாச்சும் இருக்கா, இவர்கிட்ட குடுக்கக் கூடாதுன்னு?"

"இல்ல. ஆனா அவங்க பயந்துதான்..."

"பயந்தா கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கணும் டீச்சர். பேப்பர் இருக்கு. நான் என்ன பண்ண?"

டீச்சர் தலைமை ஆசிரியையைப் பார்த்தாள். "மேடம், அந்தம்மா கழுத்துல தீக்காயம் இருக்கு. இவன்தான் சூடு போட்டிருக்கான். குடுக்காதீங்க" என்று இத்தனை மாதம் வைத்திருந்த ரகசியத்தை அவன் முன்னாலேயே போட்டு உடைத்தாள். அவன் கோபப்படவில்லை. பாவம் என்பதுபோல அவளைப் பார்த்து, "இதத்தான் எல்லார்கிட்டயும் சொல்லுவா" என்றான். தலைமை ஆசிரியை காவலரின் முகத்தைப் பார்த்தார். காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைமை ஆசிரியை பிள்ளையைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

பட்டாணி அழுது புரளுவாள், அதைப் பார்த்தாவது இவர்கள் யோசிப்பார்கள் என்று டீச்சர் நம்பியிருந்தாள். பிள்ளை வாசலில் வந்து நின்று அவனைப் பார்த்தது. சத்தமே இல்லை. திரும்பி வகுப்புக்குப் போனது. பென்சிலைப் பெட்டிக்குள் வைத்து மூடியது, நோட்டுகளைப் பெரியது அடியிலும் சின்னது மேலேயுமாக அடுக்கிப் பைக்குள் போட்டது, பையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தது. "பாத்தீங்களா, எம் பொண்ணு சொன்னா கேப்பா" என்றான் அவன். யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அவன் பிள்ளையை ஏற்றிக்கொண்ட வண்டி போய்ப் பத்து நிமிடம் கழித்து அந்தத் தாய் ஓடி வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கேயே, பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சான்?"

டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். பின்வரிசையில் நிறுத்தியதை, பிள்ளை ஓடியதை, வீடியோவை. கடைசியில், "எனக்கு மூணு நாள் முன்னாடியே தெரியும். எடுத்துட்டாங்களேன்னு உங்ககிட்ட சொல்லல" என்றாள்.

அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தாள். அந்தம்மா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூட்டிலும் நீராவியிலும் வெளிறிப்போன விரல்கள்.

"மூணு நாள் முன்னாடி சொல்லியிருந்தா, நாங்க நாலாவது ஊருக்குப் போயிருப்போம் டீச்சர்" என்றாள்.

மறுநாள் காலை டீச்சர் பேருந்து நிலையத்தில் அவளைப் பிடித்தாள். ஒரே ஒரு பை. அவன் ஊருக்குப் போகிற பேருந்தின் படியில் கால் வைத்திருந்தாள்.

"போகாதீங்கம்மா. வக்கீலப் பாப்போம். பெண்கள் பாதுகாப்பு ஆபீஸ் இருக்கு, நான் கூட வரேன்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

டீச்சர் அவள் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை அங்க இருக்கு. ராவுக்கு அவன் குடிச்சிட்டு வந்தா அடிக்க அங்க வேற ஆள் இல்ல. நான் போனா நான் இருப்பேன்ல?" என்றாள், சாதாரணமாக, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்கிற மாதிரி. பேருந்து கிளம்பிவிட்டது.

அந்த வாரம் குதிரைவால் திரும்பத் திரும்ப அழைத்தாள். ஏன் என்று யாராவது சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். டீச்சர் இந்தத் தடவை சர்க்கரை எதுவும் போடவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"என்னாலயா?" என்றாள் அந்தப் பெண்.

இல்லை என்று சொல்லிவிடலாம். பத்தொன்பது வயது. டீச்சரின் மகளைவிட நான்கு வயது பெரியவள், அவ்வளவுதான். "உன்னாலயும்தான். என்னாலயும்தான்" என்றாள் டீச்சர்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் செய்ததையும் சொல்ல வேண்டும். பேராசிரியர் வேண்டாம் என்றும், கல்லூரிக்குக் கெட்ட பெயர் என்றும் தடுத்தும் கேட்காமல், கூட வந்தவர்கள் படம் எடுத்தது, அனுமதி கேட்காதது, தான் எப்போது போட்டது, எப்போது நீக்கியது எல்லாவற்றையும் நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். டீச்சர் தன் பங்குக்கு இரண்டு பக்கம் எழுதினாள். தலைமை ஆசிரியை வாங்கிப் படித்துவிட்டு, "இத வெளிய குடுத்தா இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இனி யாரும் வர மாட்டாங்க. உங்களுக்கும் வேல இருக்காது" என்றார். டீச்சர் அதைப் பெண்கள் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்தாள். வேலை உடனே போகவில்லை. மொழிபெயர்க்கிற வேலையை மட்டும் வேறு ஓர் இளம் ஆசிரியைக்குக் கொடுத்தார்கள்.

இரண்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிறப்புச் சான்றிதழில் பார்த்த முகவரியைத் தேடிக்கொண்டு டீச்சரும் கணவரும் ஆறு மணி நேரம் பேருந்தில் அந்த ஊருக்குப் போனார்கள். லாரிப் பட்டறைகள் நிறைந்த தெரு. வரிசை வீடுகளில் கடைசி வீடு. கதவைத் திறந்தது அந்தம்மாதான். டீச்சரைக் கண்டதும் கதவைப் பாதியாகச் சாத்தினாள். இடது காதில் பஞ்சு வைத்திருந்தது. டீச்சர் பேசியதை அவள் வலது காதைத் திருப்பித்தான் கேட்டாள்.

"ஆபீஸ்ல குடுத்திருக்கேன். ஆள் வருவாங்க. வந்தா உள்ளதச் சொல்லுங்கம்மா. நீங்க வாய் தொறந்தாத்தான் அவங்களால ஏதாவது பண்ண முடியும்."

"சரி டீச்சர், போங்க. அவன் டீ குடிக்கத்தான் போயிருக்கான்."

"பிள்ளை?"

கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. டீச்சர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "இப்ப பேசறதில்ல" என்றாள் தாய். "ஸ்கூலுக்கும் அனுப்பல." பிறகு கதவைச் சாத்தினாள். கணவர் டீச்சரின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். தெருமுனையில் இஸ்திரி போட்ட சட்டைக்காரன் ஒருவன் எதிரே வந்தான். அவனா இல்லையா என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அலுவலகத்திலிருந்து அதிகாரி போவதற்கு மேலும் ஐந்து வாரம் ஆயிற்று. அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஜீப்தான், அதுவும் பட்டறையில் இருந்ததாம். போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. பத்து நாள் முன்பே காலி செய்துவிட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சாமான் ஏற்றிய வண்டி எந்தப் பக்கம் போனது என்று அவர் கவனிக்கவில்லை. குழந்தை இருந்ததா என்று கேட்டதற்கு, இருந்தது என்றார். பெண்டாட்டி? யோசித்துப் பார்த்துவிட்டு, வண்டியில் பார்த்ததாக ஞாபகம் இல்லை என்றார். முன்னாலேயே போயிருக்கலாம் என்றும் சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமைகளில் பள்ளி விட்டதும் டீச்சர் அந்த அலுவலகத்துக்குப் போகிறாள். மாடிப்படி ஏறினால் நீளமான வராந்தா, அதன் கோடியில் கோப்புகளைப் பார்க்கிற பெண் ஊழியர். ஆரம்பத்தில் கோப்பு எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது டீச்சரின் தலை தெரிந்ததும், "இன்னிக்கும் ஒண்ணும் வரல டீச்சர்" என்று அந்த ஊழியர் முந்திக்கொள்கிறார். சில நாள் குதிரைவாலிடமிருந்து அதே நேரத்துக்குச் செய்தி வரும்: ஏதாவது தெரிந்ததா? டீச்சர் 'இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டு, அங்கே போட்டிருக்கும் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அலுவலகம் மூடுகிற நேரம் வந்ததும் எழுந்து படி இறங்குவாள்.